நூறு வீட்டுத் துணியில் ஒரு சட்டை

கை தானாக ஒரு காரியத்தைச் செய்துவிட்டது, மனசுக்கு அதில் பங்கே இல்லை என்று ஒருத்தி சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? என் மடியில் இந்தச் சட்டை கிடக்கிறது, பிறக்கப்போகிற குழந்தைக்கு, இரண்டு உள்ளங்கை அகலம்தான்... கழுத்தோரம் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, வெட்டுவதற்காகப் பிடித்து இழுத்தேன், வந்தது, வந்துகொண்டே இருந்தது, நான்கு விரல் நீளம் வந்துவிட்டது, நுனியில் முடிச்சு இல்லை. சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. அக்குளில் இல்லை, ஓரத்தில் இல்லை, ஒரு தையலிலும் இல்லை. செத்தவர்களுக்குத் தைக்கிற மாதிரி தைத்து வைத்திருக்கிறேன். சுற்றிலும் பத்துப் பெண்கள், மாதர் சங்கக் கூடத்தில் தரைக்கு அடியில் கணப்பு, சுடச்சுட இருக்கிறது, எனக்கு மட்டும் முதுகு சில்லிடுகிறது.

சில வருஷங்களில் கூடுதலாக வருமே, அந்த அதிக மாதத்தில் மாமியாருக்கு, கடைசியாகப் போகும்போது உடுத்துகிற உடுப்பு தைத்தேன், அந்த மாதத்தில் தைத்து வைத்தால் ஆயுள் கூடும் என்று இங்கே இஞ்சோன் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். சணல் துணி, கையால் தைக்க வேண்டும், முடிச்சுப் போடக்கூடாது, போகிறவருக்கு வழியில் எதுவும் தடுக்கக்கூடாது அல்லவா... மாமியார் அதைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றார். “இடுப்புல கொஞ்சம் பிடிக்குது, அங்க போய் நல்லா சாப்பிடணும்ல, தளர்த்தி விடும்மா” என்றார். சிரித்தோம். இருபத்தோரு நாள் தைத்தேன். கை பழகியிருக்கும். பழகின கை அப்படியே இதையும் தைத்துவிட்டது, அவ்வளவுதான், வேறென்ன இருக்க முடியும்?

“ஏய் தீவுக்காரி, என்ன சட்டைய வச்சுக்கிட்டு சாமி கும்பிடுறியா?” தோக்சுன் அக்கா. சங்கத் தலைவி, பேச்சில் எப்போதும் ஒரு கிள்ளு இருக்கும். நான் ஜேஜு தீவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து பதினொரு வருஷம், இன்னும் தீவுக்காரிதான். நாளைக்கு விற்பனை, அந்தப் பணத்தில் மேட்டுத் தெருவில் தனியாகக் கிடக்கிற கிழவர்களுக்குக் குளிருக்குக் கரி வாங்க வேண்டும். சந்தையில் விசேஷ உடை தைக்கிற கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வெட்டுத்துணி கொடுத்தார்கள், பட்டு, மல், பூப்போட்டது எல்லாம், அதில் சுருக்குப் பை, கரண்டி உறை, சாமான் கட்டும் துணி என்று தைத்துக் குவித்திருக்கிறோம். இந்தச் சட்டை மட்டும் தனி. நூறு வீட்டில் ஆளுக்கொரு துண்டு வாங்கித் தைத்தால் குழந்தைக்கு நூறு வீட்டு ஆயுள். தோக்சுன் அக்கா முழங்கால் வலியோடு படி ஏறி இறங்கி வாங்கி வந்தாள், தொண்ணூற்றாறு வயசுக் கிழவியின் உள்பாவாடை ஓரம்கூட இதில் இருக்கிறது. நூறு வீட்டு ஆயுளையும் நான் முடிச்சில்லாத நூலில் கோத்திருக்கிறேன்.

“அக்கா, இந்தக் கை கொஞ்சம் கோணலா இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சுத் தச்சுத் தரேன்.”

“எங்க, குடு.” பிடுங்கிக்கொண்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், இழுத்தால் போச்சு, ஒரு நூலை இழுத்தால் போதும்... “கோணலாம்! கண்ணுல ஒத்திக்கிற மாதிரி தச்சிட்டு, இன்னும் நாலு பேரு புகழணும்னு ஆசை இவளுக்கு. பிரிக்கவும் வேணாம் ஒண்ணும் வேணாம். அஞ்சு மணிக்கு ஹெரான் வந்துடுவா, முன்பணம் குடுத்தவ.”

ஹெரான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆஸ்பத்திரி வாசலில் ஒரே பெஞ்சில் நாங்கள் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறோம்... அவளுக்கு இரண்டு தங்கவில்லை, எனக்கு மூன்று. ஒருத்தி அழுதால் மற்றவள் சோளக்கதிர் வாங்கி வருவாள். பிறகு இது தங்கிவிட்டது, அவளுக்கு. ஏழாம் மாதம். முதலில் என்னிடம்தான் சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சந்தோஷம் என்றேன், சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையா? சட்டையை நீதான் தைக்க வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். இப்போது எழுந்து சொல்லிவிடலாம். சொன்னால் சட்டையைக் கொளுத்துவார்கள், ஹெரான் ஏழாம் மாத வயிற்றோடு பயந்து நடுங்குவாள், பயத்திலேயே ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாவிட்டால்? ஏதாவது ஆனால் அது என் கை செய்தது. ஒன்றும் ஆகாவிட்டால்கூட நான் ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன்.

கதவு திறந்தது. ஹெரான் செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்தாள், யாரோ “அடியே, உள்ள இருக்கிறது குழந்தையா பூசணிக்காயா?” என்றார்கள், கூடமே சிரித்தது. தோக்சுன் அக்கா சட்டையை அவள் வயிற்றின் மேல் விரித்து வைத்தாள். ஹெரான் அதை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். “அக்கா... எவ்வளவு பொடித் தையல்! கண்ணு வலிச்சிருக்குமே.” இப்போது சொல், இப்போது. வாய் திறந்தது. “துவைக்கும்போது கசக்காதே” என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் அதை நான்காக மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கணக்குப் போட்டேன். மாமியார் உடுப்பு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இடையில் முப்பது சுருக்குப் பை தைத்தேன், கரண்டி உறை தைத்தேன், எல்லாவற்றிலும் முடிச்சு இருக்கிறது, எனக்கு நிச்சயமாகத் தெரியும், பல்லால் நூலைக் கடித்து முடிச்சுப் போட்டது நாக்கில்கூட நினைவிருக்கிறது. பழகின கை என்றால் அவற்றில் அல்லவா தவறியிருக்க வேண்டும்... இந்த ஒரு சட்டைக்கு மட்டும், தைத்த மூன்று நாளும், ஒவ்வொரு நூலுக்கும்... மூன்று நாள் மறதி என்று ஒன்று உண்டா? பாதித் தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் திட்டிக்கொண்டே விலகிப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹெரான் வீட்டுக்குப் போய் முடிச்சில்லாததைச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். அவள் சட்டையைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.