பூங்காவனத்தின் அம்மா

சாலவாக்கத்து ஏரிக்குக் கீழே கூலிவேலை செய்துவந்த எல்லப்பனுக்கும் அம்முலுவுக்கும் அறுபதாம் வருஷம் ஆவணியில் முதல் குழந்தை பிறந்தது. பெண். மறுநாள் விடியலில் பால் குடிக்காமல் துவண்டது. உச்சிவேளைக்குள் மூச்சு அடங்கிவிட்டது. எல்லப்பன் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தான். எங்கே என்று அம்முலு கேட்டதற்கு, "அத்த நெனைக்காத" என்றான். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். வயசு கிடக்கிறது, வருகிற வருஷம் ஒன்று பிறக்கும் என்றார்கள்.

நாலைந்து நாளில் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார் வலித்தது. அவளோடு நடவுக்குப் போகிற பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள், இலையில் மல்லிகைப் பூ கொண்டுவந்தாள். மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும்.

அம்முலு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "வேணாங்க்கா. இதுவும் வத்திட்டா, அவ வந்ததுக்கு அடையாளமா என்னாண்ட இன்னா கீது?"

சிட்டம்மாள் வற்புறுத்தவில்லை. பூவை ஓரமாக வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள்.

"சரி. உனுக்கு இன்னா வேணும், சொல்லு."

"அவள வெச்ச எடத்த பாக்கணும்."

வாசலில் நின்ற எல்லப்பன், "பெத்தவ அங்க போவக்கூடாது. அடுத்த புள்ளைக்கு ஆவாது" என்றான்.

"அப்டி சொல்லித்தான் என்னையும் போவ விடல" என்றாள் சிட்டம்மாள். "அப்பறம் மூணு பெத்தேன். இன்னும் எங்கனா கொயந்த அழுதா, அதுதானோன்னு திரும்பிப் பாக்கறேன். இட்டுக்கினு போ எல்லப்பா."

அம்முலு அதற்குள் எழுந்துவிட்டாள். "நீ வரலன்னா நானே ஊரு முச்சூடும் தேடறேன்."

எல்லப்பன் முன்னால் நடந்தான். ஏரிக்கரைச் சரிவில், புங்கமரத்தடியில் சின்ன மண்மேடு. மேலே பரப்பியிருந்த கருவேல முள் அன்று வெட்டியதுபோல் பச்சையாக இருந்தது.

"நெதம் வந்தியா?"

"நரி நோண்டும் இல்ல" என்றவன், அப்படியே குந்திவிட்டான். தோள்கள் குலுங்கின. அம்முலு அவன் முதுகில் கை வைத்து உட்கார்ந்தாள். மறு கையை மண்ணில் வைத்து, மனசுக்குள் வைத்திருந்த பெயரைச் சத்தமாகச் சொன்னாள்: "பூங்காவனம்." அவனும் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் அவளே, "பூவ கட்டுக்கா" என்றாள்.

சம்பா நடவுக்கு அவள் இறங்கியபோது, வரிசையில் நின்ற செங்கேணி, "மறந்துட்டு வேலைக்கு வந்துட்ட பாரு, அதான் நல்லது" என்றாள்.

"மறக்கல. அவ பேரு பூங்காவனம்."

செங்கேணி ஒரு நாற்றுமுடியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "யாரு ஜாட?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மூக்கு அவங்கப்பன் மாதிரி. தல நெறைய மயிரு."

கை நிற்கவில்லை. குனிந்து நட்டுக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள்.