முட்டையிட்ட ரெங்கசாமி

"ரெங்கசாமி இன்னிக்கும் முட்டை போட்டிருக்கு," என்றாள் பவுனம்மாள்.

அவள் கணவர் தம்புசாமி காப்பியை உறிஞ்சியபடி தலையாட்டினார். கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் செம்மண் சாலை வேலைக்கு மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அவர்தான். ஆளை எடுப்பதும் அவரே, ஆளைத் தள்ளுவதும் அவரே. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போய், தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிக்கொண்டிருந்த காலம். வேலை கேட்டு வருகிறவன் வெறுங்கையோடா வருவான்? ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு வருவான். கோழி கொழுகொழுவென்றிருந்தால் மறுநாளே வேலை. எது யார் கொடுத்தது என்று குழம்பாமலிருக்க, பவுனம்மாள் கொடுத்தவன் பெயரையே கோழிக்கும் வைத்துவிட்டாள். மண்டோர் வீட்டுக் கொல்லையில் ரெங்கசாமி முட்டையிடும், விஜயன் அடைகாக்கும், பக்கிரிசாமி கூரையேறிக் கூவும்.

கொல்லை நிறைந்தது, சாலைதான் நிற்கவில்லை. அந்த வருஷ மழைக்குச் சாலையோர வாய்க்கால் கரை மறுபடி மறுபடி சரிந்தது. சாலையைக் குத்தகை எடுத்திருந்த இராமலிங்கம் முதலாளி வந்து பார்த்தார். சத்தம் போடுகிற மனுஷர் இல்லை. அடுத்த மழைக்கும் கரை சரிந்தால் வேறு மண்டோரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்புசாமி வீட்டுக்கு வந்து ஆட்களைத் திட்டித் தீர்த்தார். ரெங்கசாமிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லையாம், விஜயன் நிழலைக் கண்டால் நகர மாட்டேன் என்கிறானாம். கோழிகளுக்கு இரை போட்டுக்கொண்டிருந்த பவுனம்மாள் நிமிர்ந்தாள். கேரி தீவுத் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டிய அய்யாவு என்பவர் வேலை கேட்டு வந்தாரே, அவரை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டாள். இடம் இல்லை என்று முணுமுணுத்தார் மண்டோர்.

"எடம் இருந்துச்சு. அவருகிட்ட கோழிதான் இல்ல. நாளைக்கு உங்க வேலை போச்சுன்னா, நீங்க எந்தக் கோழியத் தூக்கிட்டு எவன் வாசல்ல போயி நிப்பீங்க?"

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கோழியோடு வாசலில் நின்றவர்களின் முகமெல்லாம் கண்முன் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு வேலை வேண்டியவர்கள் எல்லாரும் வரலாம் என்று பாசார் கடைகளிலும் தோட்டத்து லயத்து வீடுகளிலும் சொல்லிவிட்டார். பழைய ஆட்களும் வரவேண்டும். அய்யாவுக்குத் தனியாகச் சொல்லியனுப்பினார். சரிந்த கரையில் ஆளுக்கு ஒரே அளவு இடம், ஒரே மாதிரி மண்வெட்டி. எவன் கரை தண்ணீருக்கு நிற்கிறதோ அவனுக்குத்தான் கரை வேலை என்பதையும் முன்கூட்டியே சொன்னார். கரையைக் கட்டி முடித்ததும் எல்லார் கண்ணுக்கும் தெரிய வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் செய்தார். ரெங்கசாமியின் கரை கரைந்து ஓடியது, விஜயனுடையதும் அப்படியே. அய்யாவின் கரை அசையவில்லை. பக்கிரிசாமியின் கரையும் அசையவில்லை!

இவ்வளவு வேலை தெரிந்தவன் எதற்கடா சேவலைத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்டார் மண்டோர்.

"சேவல் இல்லாட்டி நீங்க ஏறெடுத்தும் பாக்க மாட்டீங்கன்னு சொன்னாங்கண்ணே," என்றான் பக்கிரிசாமி.

மண்டோர் அங்கேயே முடிவைச் சொன்னார். அய்யாவும் பக்கிரிசாமியும் கரை வேலைக்கு நின்றார்கள். ரெங்கசாமி சொன்னால் மாடு கேட்கும் என்பதால் அவனைக் கல் ஏற்றும் மாட்டு வண்டிக்கு மாற்றினார். விஜயனிடம் வேலையைப் பழகிக்கொண்டு வா, மறுபடி பார்க்கலாம் என்றார். அவனவன் கோழி அவனவனோடு போனது. விஜயனுக்கு மட்டும் குஞ்சுகளும் சேர்த்துக் கிடைத்தன.

அடுத்த மழை கொட்டித் தீர்த்தது. கரை நின்றது, மண்டோர் வேலையும் நின்றது. விஷயம் தெரியாத ஒருவன் மறுநாள் காலை கோழியோடு வாசலில் வந்து நின்றான். பவுனம்மாள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோழிய வீட்ல விட்டுட்டு ஞாயித்துக்கெழம கரைக்கு வாப்பா," என்றார் தம்புசாமி. "ஆள் எடுக்குறவன், வர்றவன் கையில என்ன கொண்டாந்தான்னு பாக்கக் கூடாது. அந்தக் கையால என்ன செய்வான்னுதான் பாக்கணும்."