ராஜா இறங்காத நாடகம்

விக்டோரியா அப்பாவின் சட்டைக் கையை இரண்டு முறை மடித்துவிட்டாள். லாசர் வாத்தியாருக்கு எந்த முழுக்கைச் சட்டையும் விரலை மூடிவிடும். ஆள் அவ்வளவு குட்டை. நேற்று மத்தியானம் மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அழுது முடித்தபின், இப்படிப் போகவும் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வில்லாபுரமே பேசிக்கொண்டது. அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

"பெட்டி வந்து எம்புட்டு நேரமாச்சு? சாமியார் காத்துக்கிட்டிருக்காரு" என்றான் அண்ணன் மைக்கேல்ராஜ்.

"நல்லகாமண்ணன் வரட்டும்" என்றாள் அம்மா ஆனிமேரி.

"மூணு வருசமாப் பேசாத மனுசன் எங்கம்மா வரப்போறாரு?"

விக்டோரியா வாசலைப் பார்த்தாள். காலையில் காளவாசலுக்கு ஆள் அனுப்பிக் கேதம் சொன்னது அவள்தான். அவர் வராமல் பெட்டியை மூடினால், அந்தச் சண்டை தீராமலே அப்பாவோடு மண்ணுக்குள் போய்விடும். அதை அவளால் தாங்க முடியாது.

எல்லாம் கோயில் திருவிழா நாடகத்தால் வந்த வினை. வாத்தியார் எழுதியது. நாட்டை இழந்த வியட்நாம் ராஜா, தன் சின்ன மகனை ஒரு பிஷப்போடு பாண்டிச்சேரி வழியாகப் பிரெஞ்சு அரண்மனைக்குப் படை கேட்டு அனுப்புகிறார். ஏழு வயது இளவரசனாக, அறுபது தாண்டியும் வாத்தியாரேதான் நடித்தார். பிரெஞ்சு ராஜா நல்லகாமன். ஆறடி உயரம், மீசையை எடுக்கச் சொன்னதற்கு, ராஜா வேஷமே வேண்டாம் என்று கிளம்பியவர். மீசையோடேயே பிரான்ஸை இருபது வருஷம் ஆண்டார்.

கடைசி வருஷம் மேடையில், சிம்மாசனப் படிகளுக்குக் கீழே வழக்கமாக மண்டியிடும் இளவரசன் அன்று மண்டியிடவில்லை. நின்றான்.

"பச்சப்புள்ள கடல் தாண்டி வந்திருக்கேன். நாலு படி எறங்கி வரமாட்டீகளா?"

"எறங்குனா அவன் ராசாவாய்யா?"

ஆர்மோனியக்காரர் வாசித்து ஓய்ந்தார். இவர் மண்டியிடவில்லை, அவர் எழுந்திருக்கவில்லை. சனம் விசிலடிக்க, திரையை இழுத்துவிட்டார்கள். அதோடு நாடகமும் நின்றது, பேச்சும் நின்றது.

"அந்தா நிக்கிறாரு!" என்று யாரோ சொன்னார்கள்.

தெருமுனையில், வேப்பமரத்தடியில், கையில் மாலையும் கோடித்துண்டுமாக நல்லகாமன் நின்றார். மேலே வரவில்லை. பேச்சு அறுந்த வீட்டுச் சாவுக்குப் போனால் தெருமுனையில் நிற்பதும், வீட்டு ஆள் வந்து கையைத் தொட்டு அழைத்தால் உள்ளே நுழைவதும் நல்லகாமன் குடும்பத்து வழக்கம்.

விக்டோரியா எழுந்தாள். மைக்கேல்ராஜ் மறித்தான்.

"போகாத. மேடையிலயும் இப்படித்தான் அசையாம இருந்தாரு. இப்ப நீ போய்க் கூப்பிட்டா அப்பா தோத்த மாதிரி."

அவன் சொல்வதும் சரிதான். ஆனால் அந்த மனிதர் திரும்பிப் போய்விட்டால்? தோற்றாலும் போகட்டும் என்று அண்ணன் கையை விலக்கிவிட்டு வாசல்படியில் காலை வைத்தாள்.

தூரத்தில் நல்லகாமன் கையை உயர்த்தினார்.

"நீ இரு தாயி! நானே வாரேன்."

செருப்பை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, வெயிலில் காய்ந்த தெருவில் வெறுங்காலோடு விறுவிறுவென்று வந்தார். வழிவிட்டு நின்ற யாரையும் பார்க்கவில்லை. மாலையைப் போட்டு, கோடியைப் போர்த்தினார். கிறிஸ்தவ வீட்டில் கோடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பெட்டியில் வைப்பதற்காக நான்கு ஆண்கள் கட்டிலைச் சுற்றி வந்தார்கள். நல்லகாமன் அவர்களை ஒதுக்கிவிட்டுக் குனிந்து, கழுத்துக்கு அடியில் ஒரு கையும் முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, ஒற்றை ஆளாக வாத்தியாரைத் தூக்கினார்.

"பாத்துண்ணே" என்றாள் ஆனிமேரி.

"கனமே இல்லத்தா."

தரையில் இருந்த பெட்டிக்கு முன்னால் இரண்டு முழங்காலையும் ஊன்றி, மெதுவாக உள்ளே கிடத்தினார். தலையணையைச் சரிசெய்தார். சாமியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்த பிறகும், வாத்தியாரின் கழுத்துக்கு அடியிலிருந்த கையை அவர் எடுக்கவில்லை.