திரும்பி வரும் துப்பாக்கி

எங்கள் கடையின் கண்ணாடிப் பேழையில் ஒரு ரிவால்வர் இருந்தது. அதற்கு நாங்கள் புறா என்று பெயர் சூட்டியிருந்தோம். எவர் வாங்கிச் சென்றாலும் சில நாள்களுக்குள் அது எங்களிடமே திரும்பி வந்துவிடும் என்பதே அப்பெயருக்குக் காரணம்.

அது டைட்டேனியம் கலந்த உலோகத்தால் செய்யப்பட்டது. நிரம்பிய காபிக் கோப்பை ஒன்றின் கனமே அதற்கு இருந்தமையால், கையில் எடுப்பவர் எவராயினும் ஒரு கணம் புருவம் உயர்த்துவார். ஆனால் அதனுள் இடப்படும் தோட்டாவோ கரடியை வீழ்த்தக்கூடிய மேக்னம் தோட்டா. கனமான துப்பாக்கி, சுடும்போது பின்னோக்கி வரும் உதையின் பெரும்பகுதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். இலேசான துப்பாக்கி அதை முழுவதுமாகச் சுடுபவரின் கைக்கே கொடுத்துவிடும். இந்த உண்மையை வாங்கியவர்கள் முதல் தோட்டாவிலேயே கற்றுக்கொண்டார்கள். அதை ஒப்புக்கொள்ள மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை. பண்ணைக்காரர் ஒருவர் தம் மனைவிக்கு அது பிடிக்கவில்லை என்று கூறித் திருப்பித் தந்தார். கிரேட் ஃபால்ஸ் நகரத்துப் பல் மருத்துவர், அதன் நிறம் தம் இடைவாருக்குப் பொருந்தவில்லை என்றார். சாலை போடும் ஒப்பந்தக்காரர், இனி மலைப்பக்கம் போகும் எண்ணமே தமக்கு இல்லை என்று அறிவித்துவிட்டு மறுநாளே மலைப்பக்கம் போனார். அவர்கள் கூடவே கொண்டுவரும் தோட்டாப் பெட்டியில் நான்கைந்து மட்டும் குறைந்திருக்கும். கை வலித்ததா என்று நாங்கள் கேட்பதில்லை. அவ்வளவு நாகரிகம் மாண்டானாவில் எங்கள் சிற்றூருக்கும் உண்டு.

என் தம்பி டுவைட் என்னோடு கடையில் இருந்தான். பில்லிங்ஸ் நகரில் அவனுடைய மணவாழ்வு முறிந்த பிறகு, ஒரு பெட்டியோடும் ஒரு நாயோடும் என் வீட்டுக்கு வந்தவன், அந்த நாய் இறந்த பின்னும் தங்கிவிட்டான். விற்பனையில் அவன் நேர்மையானவன். புறாவைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரிடமும், ஊருக்கு வெளியே உள்ள சரளைக் குழியில் முதலில் சுட்டுப் பாருங்கள் என்று கூறுவான். பிறகு கனமான எஃகு ரிவால்வர் ஒன்றை எடுத்துக் காட்டுவான். அவன் பேச்சைக் கேளாதவர்களே அதை வாங்கிச் சென்றவர்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் நோரீன் ஹால்வர்சன் கடைக்குள் நுழைந்தாள். டுவைட்டைப் போலவே அவளும் ஐம்பதை ஒட்டிய வயதினள். மலையடிவாரத்துத் தீவனப்புல் வயல்களின் ஓரத்தில் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தாள். முந்தின வாரம் மின்வேலி காற்றில் சாய்ந்திருந்த வேளையில் ஒரு கரடி புகுந்து பல பெட்டிகளைப் பிளந்துபோட்டிருந்தது. கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் இருக்கிறதா என்று நான் கேட்டேன். இருக்கிறது, ஆனால் இந்த ஊர்க் காற்றில் அதை அடித்தால் கரடிக்கு முன்னால் தனக்கே கண் போய்விடும் என்று அவள் விடையளித்தாள். குனிந்து பெட்டிகளைத் தூக்கும்போது இடுப்பில் இடிக்காத, இலேசான துப்பாக்கி ஒன்று வேண்டும் என்பது அவள் தேவை.

அவளே பேழையைச் சுட்டிக்காட்டினாள். டுவைட் புறாவை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துச் சிரித்தாள். அச்சிரிப்பில் ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் குழிந்தது. நான் என் தம்பியின் வழக்கமான அறிவுரைக்காகக் காத்திருந்தேன். அவன் வாய் திறக்கவில்லை. எஃகு ரிவால்வரின் பக்கம் அவன் கை போகவும் இல்லை.

அவளுடைய வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு சென்ற பிறகு அவனிடம் கேட்டேன்.

"ஏன்டா அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல?"

அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "எல்லாரும் அதத் திருப்பிக் குடுக்க வருவாங்கல்லக்கா," என்றான்.

அவன் கூறியதன் பொருள் எனக்கு விளங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கிய பிறகு அவனைக் கடிந்துகொள்ள எண்ணினேன். ஆனால் அந்த முகத்தில் நெடுங்காலமாக நான் காணாத ஓர் ஒளி இருந்தது. ஆகவே நானும் பேசாதிருந்துவிட்டேன்.

அதன் பிறகு டுவைட் காத்திருக்கத் தொடங்கினான். கதவு மணி ஒலிக்கும்போதெல்லாம் அவன் தலை நிமிரும். தூண்டில் புழு வாங்க வந்தவரைக் கண்டதும் தாழும். சட்டையைச் சுருக்கம் நீக்கி அணிந்தான். மதிய உணவுக்குக்கூட வெளியே போகாமல், என்னைத்தான் எதிர்க்கடைக்கு ரொட்டி வாங்க அனுப்பினான். நோரீன் வரவில்லை. புறா இத்தனை நாள் வெளியே தங்கியதே கிடையாது. அவளுக்கு ஏதும் நேர்ந்திருக்குமோ என்று அவன் ஒருமுறை கேட்டான். கரடி தின்றிருந்தால் செய்தித்தாளில் வந்திருக்கும் என்று நான் கூறியது அவனுக்கு ஆறுதல் அளிக்கவில்லை.

கோடை முற்றியபோது அவள் வந்தாள். துப்பாக்கியைத் திருப்பித் தருவதற்காக அல்ல, தோட்டா தீர்ந்துபோனதற்காக. பெட்டி முழுவதையும் பயிற்சியிலேயே சுட்டுத் தீர்த்த முதல் மனிதர் அவளே. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தோல் கிழிந்து, அங்கே ஒட்டுத்துணி போட்டிருந்தாள். எப்படி இருக்கிறது துப்பாக்கி என்று டுவைட் மெல்லக் கேட்டான்.

"கதவ அறைஞ்சு சாத்தும்போது கைய நடுவுல வெச்ச மாதிரி இருக்கு. பழகிடும்," என்றாள் நோரீன்.

அவளுக்குப் பழகவில்லை, ஆனால் விடவும் இல்லை. ஒவ்வொரு பெட்டி தீரும்போதும் வந்தாள். வரும்போது சிறிது நேரம் நின்று பேசினாள். மின்னசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டியது, கணவன் இறந்த பின் அவனுடைய தேனீக்களை விற்க மனமின்றி மேற்கே கொண்டுவந்தது, இந்த ஊர்க் காற்றின்மேல் தனக்குள்ள தனிப்பட்ட பகை ஆகியவற்றையெல்லாம் கூறினாள். டுவைட் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் சென்ற பிறகு அவள் கூறியவற்றை எனக்கு, நானும் அங்கேயே நின்றிருந்தேன் என்பதை மறந்து, மீண்டும் ஒருமுறை கூறுவான். ஒரு காபி குடிக்கப் போகலாமா என்று கேளேன் என்று நான் தூண்டினேன். அடுத்த முறை என்றான். ஒவ்வொரு அடுத்த முறையும் அவன் முகம் சிவந்ததே தவிர, வேறொன்றும் நிகழவில்லை.

இதற்கிடையே அவளுடைய கை மாறிக்கொண்டிருந்தது. முதலில் ஒட்டுத்துணி, பிறகு மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிய துணிக்கட்டு, பிறகு அக்கட்டுக்கு மேலே நீலம் பாரித்த வீக்கம். ஆகஸ்ட் இறுதியில் அவள் ஒரு தேன் குப்பியை எங்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தாள். அதை இடக்கையால் மேசைமேல் வைத்தாள். திறந்து சுவைக்கும்படி நான் வேண்டியபோது, வலக்கையால் மூடியைத் திருக முயன்று, இயலாமல், வேறெங்கோ பார்த்தபடி குப்பியை என் பக்கம் தள்ளினாள். பிறகு வழக்கம்போல் ஒரு பெட்டி தோட்டா கேட்டாள்.

நான் டுவைட்டைப் பார்த்தேன். அவன் அலமாரியை நோக்கித் திரும்பினான்; பெட்டியை எடுத்தான்; மேசைவரை கொண்டுவந்தான்; ஆனால் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தப் பெட்டியை அவளிடம் கொடுத்தால் அவள் மீண்டும் வருவாள். கொடுக்காவிட்டால் அவள் வருவதற்கு வேறு காரணம் ஏதும் இல்லை. என் தம்பி அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றான் என்பதை நான் நன்கறிந்தேன்.

"அந்தத் துப்பாக்கி உங்களுக்கு வேணாங்க," என்றான். "அது யாருக்குமே வேணாம். வாங்கினவங்க எல்லாரும் திருப்பிக் குடுத்துட்டாங்க. எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"தெரிஞ்சே ஏன் குடுத்தீங்க?" என்று அவள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்களும் திரும்பி வருவீங்கன்னு."

நோரீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சினம் முதலில் வந்தது; அது நியாயமானதே. அந்த வேனிலில் இரண்டு முறை கரடி வேலிவரை வந்துபோனதாகவும், உள்ளே வந்திருந்தால் இந்தக் கையை நம்பித்தான் தான் நின்றிருக்க வேண்டும் என்றும் அவள் கூறினாள். அவள் வாயிற்படிவரை சென்று, திரும்பி, அப்படியானால் எதை வாங்க வேண்டும் என்று இப்போதாவது காட்டுங்கள் என்றாள்.

மறுநாள் காலை மூவரும் சரளைக் குழிக்குச் சென்றோம். மரப்பலகையில் காகிதத் தட்டுகளை ஆணியடித்துப் பொருத்தினோம். காற்று அவற்றின் விளிம்புகளைப் படபடவென்று அடித்தது. காதுக் கவசம் அணிந்துகொண்ட பிறகு, டுவைட் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று புறாவின் உருளையை நிரப்பினான். சில குழிகளில் தோட்டா. சிலவற்றில் சுட்டு முடித்த வெற்றுக் கூடு. எது எங்கே என்பது சுடுபவருக்குத் தெரியாது. உதைக்கு அஞ்சிய கை, உதை வருவதற்கு முன்பே தன்னையறியாமல் அசைந்துவிடும். தோட்டா வெடித்தால் அந்த அசைவு வெளியில் தெரியாது. வெற்றுக் கூடு வாய்க்கும்போதுதான் தெரியும்.

அவள் மணிக்கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு நின்றாள். முதல் குழி வெடித்தது. இரண்டாவதில் வெறும் சொடுக்கு; ஆனால் வெடித்ததைப்போலவே குழலின் முனை தரையை நோக்கிக் குதித்தது, அவள் கண்களும் இறுக மூடிக்கொண்டன. துப்பாக்கியைத் தாழ்த்தி அதையே நெடுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோ நாளா இதத்தான் பண்ணிட்டு இருந்தேனா?"

"எல்லாரும் இதத்தான் பண்றாங்க," என்றான் டுவைட்.

"நீங்க?"

தான் செய்வதில்லை என்று அவன் கூறியிருக்கலாம். அவ்வாறு கூறுவான் என்றே நான் எதிர்பார்த்தேன். இந்த ஊரில் துப்பாக்கியைப்பற்றி அவனை மிஞ்சியவர் இல்லை என்பது பொதுக் கருத்து. ஆனால் அவன் துப்பாக்கியை அவளிடமிருந்து வாங்கவில்லை. நீங்களே நிரப்பிக் கொடுங்கள் என்று வேண்டினான். அவள் திரும்பி நின்று நிரப்பினாள். வலக்கை ஒத்துழையாமையால் அதற்கு நேரம் பிடித்தது. அவன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு அதை வாங்கிக் குறிபார்த்து விசையை இழுத்தான். சொடுக்கு. குழல் முனை அவளுடையதைக் காட்டிலும் ஆழமாகக் குனிந்தது. மறுமுறையும் சொடுக்கு, மறுமுறையும் குனிவு. கடைசிக் குழிவரை அவ்வாறே. அவள் ஒரு தோட்டாகூடப் போடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

நோரீன் சிரித்தாள். அந்த ஒரு பக்கத்துக் கன்னம் குழிந்தது. "வராத உதைக்கே இப்படியா பயப்படுவீங்க?" என்றாள்.

டுவைட்டும் சிரித்தான்; ஆயினும் அவன் கழுத்து சிவந்திருந்தது.

பிறகு அவன் எஃகு ரிவால்வரைக் கொடுத்தான். அதில் வெடிமருந்து குறைவாக இட்டுத் தன் கையாலேயே செய்த மென்மையான தோட்டாக்கள் இருந்தன. கரடி நாட்டுக்கு வலுவான தோட்டா பின்னர் வேண்டும், கை ஆறும்வரை இது போதும் என்றான். அவள் இரு கைகளாலும் பிடித்துச் சுட்டாள். தட்டின் நடுவில் ஒரு துளை விழுந்தது. அதன் அருகிலேயே இன்னொன்று. அவள் கண்கள் திறந்தே இருந்தன.

புறாவை எங்களிடமே விட்டுவிட்டு, எஃகு ரிவால்வரோடு அவள் சென்றாள். நாங்கள் அஞ்சியபடியே, அதற்குப் பின் அவள் கடைக்கு வரவில்லை. வர வேண்டிய தேவை தீர்ந்துவிட்டது. செப்டம்பரில் மலைமுகட்டில் பனி விழுந்தது. வேட்டைக்காரர்கள் கடையை நிறைத்தார்கள். டுவைட் அவர்கள் அனைவருக்கும் ஒழுங்காக விற்றான். மணி ஒலித்தால் நிமிர்வதை மட்டும் விட்டுவிட்டான். நிமிர்ந்துகொண்டே இருந்த நாள்களைவிட அது எனக்கு அதிகத் துயரமளித்தது.

அக்டோபரின் இறுதியில் ஒரு பார வண்டி, வலைபோர்த்திய தேனீப் பெட்டிகளோடு, கடைக்கு எதிரே வந்து நின்றது. நோரீன் இறங்கி வந்தாள். குளிர்காலத்துக்குப் பெட்டிகளைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்வதாகக் கூறினாள். அங்கே பிப்ரவரியில் பாதாம் தோட்டங்கள் பூக்கும். தேனீக்கள் அங்கே வேலை செய்யும். தோட்டக்காரர் ஒருவர் எல்லாப் பெட்டிகளையும் மொத்தமாக வாங்கிக்கொள்ள விரும்புகிறார் என்றும், பூ முடிந்த பிறகு முடிவு செய்யப்போவதாகவும் தெரிவித்தாள். வழிக்குக் கையுறை ஒன்று வேண்டும் என்றாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். டுவைட் வேட்டைக்காரர் ஒருவருக்குத் தொலைநோக்கி காட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கதவைத் திறந்தபோது அவன் தொலைநோக்கியை அம்மனிதரின் கையில் திணித்துவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"பெட்டிய வித்துட்டாலும் பரவால்லங்க," என்றான். "நீங்க மட்டும் வாங்க."

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. கண்ணை இமைக்கவும் இல்லை.

நோரீன் புதிய கையுறையைக் கழற்றினாள். "கேட்டதுக்கு சந்தோஷம், டுவைட். வருவேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். செஞ்சா காப்பாத்தணும்ல," என்றாள். பிறகு வலக்கையை நீட்டினாள். அவன் அதை மெல்லப் பற்றினான். வலிக்காது, இறுக்கிப் பிடிக்கலாம் என்று அவள் கூறியதும் இறுக்கிப் பிடித்தான்.

பார வண்டி தெற்கே திரும்பி, தானியக் கிடங்கைக் கடந்து மறைந்தது. தேனீக்கள் சில, வலையினின்று எவ்வாறோ தப்பியவை, கடை வாசலில் குளிரில் தடுமாறிக்கொண்டிருந்தன. டுவைட் அவற்றைக் காகிதத்தில் ஏந்திச் சன்னலோரத்து வெயிலில் விட்டான். பிறகு வேட்டைக்காரரிடம் மன்னிப்புக் கோரி, தொலைநோக்கியை விற்றுமுடித்தான்.

அன்று கடையைச் சாத்தும் வேளையில் அவன் என்னிடம் கேட்டான்.

"பாதாம் பூ எப்பக்கா உதிரும்?"

"எனக்கு எப்பிடிடா தெரியும்? நான் தோட்டா விக்கிறவ," என்றேன்.

அவன் தலையசைத்தான். அன்று முதல், தினந்தோறும் செய்தித்தாளைப் புரட்டி, எங்கள் ஊர்ப் பனியைப்பற்றி ஒரு வரியும் படிக்காமல், கலிபோர்னியாவின் வானிலையை மட்டும் படித்து வருகிறான்.