சுறாவை நீந்த வைக்கும் வேலை

என் அத்தான் பல் டாக்டர். நாள் முழுக்க எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்தபடி, பதில் சொல்ல வழியில்லாமல் கிடப்பார்கள். அந்தப் பழக்கத்திலேயே வீட்டிலும் பேசுவார்.

நான் வேலை பார்த்த மரச்சாமான் கடையை மூடியபோது, கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு சோபாவை என் தலையில் கட்டினார்கள். அதைக் கொண்டுவந்து அக்கா வீட்டு ஹாலில் போட்டேன். அப்புறம் அதன்மேல் படுத்தேன். மாதங்கள் போயின. நல்ல சோபா. அப்படிச் சொல்லி நானே எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன்.

அக்கா மகளைப் பொடிசு என்று கூப்பிடுவோம். ஏழு வயது. கடல் என்றால் அவளுக்கு உயிர், பார்த்தது கிடையாது. பஞ்சு அடைத்த திமிங்கிலம், ஆக்டோபஸ், ஆமைகள், ஜெல்லிமீன் எல்லாம் கட்டிலில் படுத்ததுபோக மிச்சம் இருக்கும் இடத்தில் அவள் தூங்குவாள். பிறந்தநாளுக்கு அத்தான் ஒரு பொம்மைச் சுறா வாங்கி வந்தார். பழுப்பு நிறம், தடித்த உடம்பு. மூக்குக்குக் கீழே இரண்டு நூல் தொங்கியது. தையல் பிரிந்துவிட்டது என்று நினைத்து வெட்டப் போனேன். பொடிசு கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன பேர் வெக்கப் போற?" என்று கேட்டேன்.

"சுறாவுக்கெல்லாம் யாராவது பேர் வெப்பாங்களா?"

அத்தான் சுறாவைக் கையில் வாங்கினார். கண் மட்டும் சோபாவின் பக்கம் இருந்தது. "இது நின்னா செத்துப்போயிடும், தெரியுமா பொடிசு? நீந்திக்கிட்டே இருக்கணும். சும்மா படுத்துக் கெடந்தா மூச்சு நின்னுடும். ஒரு மீனுக்கே அது தெரிஞ்சிருக்கு."

சாடை எனக்கு. பட்டது குழந்தைக்கு. முகம் வெளுத்துப்போய், சுறாவை வாங்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். படுக்கப் போகும் நேரம் வந்தும் நிறுத்தவில்லை.

"அது பொம்மைடி. உள்ள வெறும் பஞ்சு" என்றார் அத்தான்.

"அப்ப ஏன் சொன்னீங்க?"

கடைசியில் டாக்டரே நாற்காலி போட்டு ஏறி, சுறாவை மின்விசிறியில் கட்டி மெதுவாகச் சுழல விட்டார். அதன்பிறகுதான் அவள் தூங்கினாள். காலையிலும் அப்படியே சுழலட்டும் என்று அத்தான் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே இடத்தில் சுற்றினால் அதற்குப் பைத்தியம் பிடிக்குமாம், பகலில் தூரமாகப் போய்வர வேண்டுமாம். பகலில் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அக்காவுக்கும் அத்தானுக்கும் வேலை இருந்தது. வீட்டில் வேலை வெட்டி இல்லாதவன் ஒருத்தன்தான்.

"மாமா, சாகடிச்சிட மாட்டீங்களே?" என்று கேட்டு என் கையில் கொடுத்தாள். மாட்டேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் சோபாவில் படுத்தபடியே அதை ஆட்டினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தரையில் வைத்தேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து என்னையே பார்த்தது. எரிச்சலோடு மறுபடியும் எடுத்தேன்.

சாயங்காலம் விசாரணை. "இன்னிக்கு எங்கெல்லாம் போச்சு? என்னென்ன பாத்துச்சு?" சமையலறை என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். மறுநாள் செருப்பைத் தேடி எடுத்துத் தெருவில் இறங்கினேன். தாடியும் கையில் சுறாவுமாக ஒருத்தன் வந்தால் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அதனால் சவரம் செய்துகொண்டேன். கசங்கிய சட்டைக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. இஸ்திரி போட்டேன். காலையில் கிளம்பி, கடைத்தெரு, ரயில் நிலையம், பூங்கா என்று ஒரு சுற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுறாவை மின்விசிறியில் கட்டிவிட்டு நான் குளித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மின்விசிறி தள்ளாடி நின்றது. பொடிசு போட்ட அலறலில் சோப்பு நுரையோடு ஓடி வந்து பார்த்தால், அத்தான் சாப்பிட்ட கையோடு நாற்காலிமேல் நின்று சுறாவை ஆட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் வரும்வரை இறங்கவில்லை. அன்றைக்கு அவர் எனக்கு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை.

கடைத்தெரு முனையில் ஒரு கூரியர் கிடங்கு உண்டு. அதன் மேனேஜர் அம்மா ஒருநாள் என்னை நிறுத்தினார். "சார், நானும் பாக்கறேன். மழையோ வெயிலோ, இந்த நேரத்துக்கு டாண்ணு வந்துடறீங்க. எனக்கு அப்படி ஒரு ஆள் கெடைக்க மாட்டேங்குது. வேலைக்கு வர்றீங்களா?"

சுறாவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஆளுக்கு அவ்வளவு தட்டுப்பாடு.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த வேலை எனக்கு வேண்டும். ஆனால் அது பகல் வேலை, பார்சல் தூக்க இரண்டு கையும் வேண்டும். சாகடிச்சிட மாட்டீங்களே என்று கேட்ட முகத்திடம் போய் என்ன சொல்வது? அன்றைக்குச் சுறா வழக்கத்தைவிட இரண்டு தெரு கூடுதலாக நீந்தியது.

சாயங்காலம் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். "மாமாவுக்கு வேலை கெடைச்சிருக்கு. ஆனா உன் சுறாவை..."

பொடிசு என் கையிலிருந்து சுறாவை வாங்கி, தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். நான் பதறிப்போய்க் குனிந்தேன்.

"விடுங்க மாமா. அது படுக்கும்." தொங்கும் நூலைத் தொட்டுக் காட்டினாள். "இது மீசை. இது நர்ஸ் சுறா. கடலுக்கு அடியில சும்மா படுத்துக்கிட்டே மூச்சு விடும். ஸ்கூல் லைப்ரரி புக்ல படமே போட்டிருக்கு."

"எப்ப படிச்ச?"

"கரண்ட் போச்சே, அதுக்கு மறுநாள்."

கரண்ட் போனது போன மாதம். அதற்குப் பிறகு நடந்த தெருக்கள் எல்லாம் என் முழங்காலுக்கு ஞாபகம் வந்தன. ஒரு நாள் குடைகூட இல்லாமல், சுறாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

"அப்ப ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா திரும்பப் போய்ப் படுத்துப்பீங்க" என்றாள். "அப்பா அன்னிக்கு உங்களைத்தானே மாமா சொன்னாரு. நீங்க செத்துப்போயிடுவீங்கன்னு எனக்குப் பயமா இருந்துச்சு."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. போய்ச் சோபாவில் உட்கார்ந்தேன். அவள் முகம் மாறியது.

"கொஞ்ச நேரம்தான்" என்றேன்.

பொடிசு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நான் எழுந்திருக்கும்வரை அதை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தாள்.