நசுங்கிய பொல்லடி

அசர் தொழுதுவிட்டு வந்த றஸ்மி காக்கா ஸலாம்கூடச் சொல்லவில்லை. நேரே உள்ளே வந்து, தங்கை நதீராவின் கணவன் சாஜித் பாட்டு ஓடவிட்டிருந்த கணினிக்கு முன்னால் நின்றார்.

“இதுவா சத்தம்? போன கிழமை நடந்த கலியாணத்துல சந்திக் கடைக் கண்ணாடியெல்லாம் ஆடிச்சி. என்ட மகன்ட ஊர்கோலத்துல மட்டும் நுளம்பு கத்துற மாதிரிக் கேக்கணுமோ?”

மறுநாள் அவருடைய மகன் மாப்பிள்ளை. கல்முனைக்குடியிலிருந்து பெண் வீடு வரைக்கும் வண்டியில் கட்டிய ஸ்பீக்கரில் பாட்டு முழங்கும். பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையாக, கையில் குட்டைத் தடிகளோடு பொல்லடித்து ஆடுவார்கள். முன்னால் றஸ்மி காக்கா. பாட்டையும் பொல்லுகள் மோதும் ஓசையையும் சாஜித் இங்கேதான் பதிவு செய்திருந்தான். கடைசி மெருகு மட்டும் மிச்சம். அதில்தான் மூன்று நாளாகச் சண்டை.

“சத்தம் வேணுமெண்டா வண்டியில அம்பிளிபயரக் கூட்டுங்க மச்சான். லிமிட்டர்ல தள்ளினா அடி நசிஞ்சிடும்.”

லிமிட்டர், பாட்டின் தலைக்கு மேலே போட்ட கூரை மாதிரி. கீழேயிருந்து தள்ளத் தள்ள மொத்தச் சத்தமும் உயரும். ஆனால் ‘டக்’கென்று தெறிக்கும் ஓசைகள் கூரையில் முட்டித் தட்டையாகிவிடும். இதை அவன் மூன்று முறை சொல்லிவிட்டான்.

“எனக்குப் பாடம் எடுக்காத. தள்ளு எண்டா தள்ளு. ஏலாட்டி இந்த அறைய விட்டு ஒன்ட பெட்டியெல்லாம் தூக்கு. என்ட தங்கச்சிக்கி நான் கட்டின வீடு இது.”

வழக்கமான ‘நீங்கள்’ போய் ‘நீ’ வந்ததை அறை வாசலில் நின்ற நதீரா கவனித்தாள்.

“செவிட்டுக் காதுக்கு என்னால மருந்து போட ஏலா,” என்றான் சாஜித்.

“வாய மூடுங்க, ரெண்டு பேரும்!” அவள் மேசையில் கிடந்த பொல்லுகளை எடுத்து அண்ணனின் கையில் திணித்தாள். “காக்கா, பாட்டுக்கு அடிங்க.” கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்க, தள்ளி ஒண்டு, தள்ளாம ஒண்டு, ரெண்டையும் ஒரே சத்தத்துல வச்சிப் போடுங்க.”

றஸ்மி காக்கா கேட்டபடி தள்ளிய பாட்டைச் சாஜித் முதலில் போட்டான். அவர் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டு அடித்தார். இருபது வருடமாக ஆடும் கை. ஆனால் பாட்டும் றபான் மேளமும் ஒரே சுவராக வந்து மோதின. அதற்குள் பொல்லின் ஓசை எங்கே விழுகிறதென்று தெரியவில்லை. அடி ஒன்று பிந்தியது. அடுத்தது முந்தியது. சிரிப்பு நின்றது.

தள்ளாத இரண்டாவது பாட்டில் ஒவ்வொரு அடியும் சுளீரென்று கேட்டது. அவர் கை தானாகவே அதன்மேல் போய் விழுந்தது.

பாட்டு முடிந்ததும் பொல்லுகளை நிலத்தில் வீசினார். “சதி. வேணுமெண்டே முதல் பாட்டக் கெடுத்து வச்சிருக்கான். வேற ஆளுட்டக் குடுத்து எடுப்பன். நாளைக்கே இந்த அறை காலியாகணும்.”

“காலியாகாது காக்கா. கட்டினது நீங்க, இல்லையெண்டு சொல்லல்ல. வீட்டுச் சீதன உறுதிப் பத்திரம் என்ட பேருல கிடக்கு. நாளைக்கி ஊர் பாக்கப் பன்னிரண்டு பொல்லும் பன்னிரண்டு பக்கம் அடிச்சா, சிரிக்கிறது இவரப் பாத்தா, உங்களப் பாத்தா?”

அவர் வாசல் படலையைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் ஏறினார். ஆனால் கிளம்பவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே ஹோர்னை இரண்டு தரம் அமத்தினார்.

நதீரா பாட்டு இருந்த பென்டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“எது இது?”

“உங்கட கை பிழைக்காம அடிச்ச பாட்டு.”

அவர் அதைச் சட்டைப் பையில் போட்டார். “சத்தம் காணாட்டி இந்த வாசலை மிதிக்க மாட்டன்.”

அவள் திரும்பி வந்தபோது சாஜித் சிரித்துக்கொண்டிருந்தான். “பாத்தீங்களா, நான் சொன்ன…”

“காக்காவச் செவிடு எண்டு சொன்ன வாய் இது. நாளைக்கி ஊர்கோலத்துல எல்லார்ர முன்னாலயும் அவர்ட கையப் பிடிச்சி மாப்புக் கேளுங்க. அதுவரைக்கும் தேத்தண்ணிய நீங்களே ஊத்திக் குடிங்க.”

குசினிக் கதவை அவள் சாத்திய வேகத்தில் மேசையில் இருந்த ஸ்பீக்கர் அதிர்ந்தது.