நிர்வாகியின் அனுமதி தேவை

கோபம் வந்தால் மற்றவர்களுக்கு உதடு துடிக்கும். எனக்கு விரல் துடிக்கும். முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்த விரல்கள் அவை. அன்று காலை பத்து மணிக்கே பத்து விரலும் துடிக்க ஆரம்பித்துவிட்டன.

விஷயம் இதுதான். பதிவு செய்த விசாரணைகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்து தர ஒரு நிறுவனம் ஆள் தேடியது. வீட்டிலிருந்தே செய்யலாம். எனக்கென்றே எழுதி வைத்த மாதிரி ஒரு வேலை. விண்ணப்பித்தேன், தேர்வு எழுத ஒரு லிங்க் அனுப்பினார்கள். ஒருமுறைதான் எழுதலாம். அன்று பகல் ஒரு மணிக்கு லிங்க் மூடிக்கொள்ளும். தேர்வு நாற்பது நிமிடம். ஆக, பன்னிரண்டு இருபதுக்குள் நான் உட்கார்ந்தாக வேண்டும். ஓய்வு பெற்ற மூன்று வருடமாக, "நீ சும்மாதானே இருக்கே" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இந்த வேலை எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப வேண்டும்.

லிங்கை அழுத்தினேன். 'உங்கள் பிரவுசர் மிகப் பழையது, அப்டேட் செய்துவிட்டு வாருங்கள்' என்று வந்தது. சரி, இதில் என்ன இருக்கிறது என்று அப்டேட்டை அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றியது. நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன், அது இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'அப்டேட் தோல்வியடைந்தது' என்று ஒரு வரி, அதன் கீழே ஏதோ ஒரு பிழை எண். காரணத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும் திமிரை இந்த இயந்திரங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. காகிதத்தை எடுத்துக் கோடு போட்டு, செய்ததையெல்லாம் நேரத்தோடு குறித்துக்கொண்டே வந்தேன். பத்து பத்துக்குக் கணினியை அணைத்துப் போட்டேன், பலனில்லை. தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. இடம் போதாதோ என்று பார்த்தேன், பாதிக்கு மேல் காலி. மோடத்தைக் கழற்றி மாட்டினேன். வைரஸ் காவலைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே வட்டம், அதே எண். என் கணவர் கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரமாக அதே பக்கம்.

பதினொன்று ஐந்துக்குத் தேர்வு நடத்தும் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். பாட்டு போட்டார்கள், காத்திருந்தேன். எடுத்த பையன் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். நான் ஏற்கெனவே செய்ததையெல்லாம் வரிசையாகத் திரும்பச் செய்யச் சொன்னான். கடைசியில், "மேடம், வீட்ல பசங்க யாராவது இருந்தா கொஞ்சம் ஃபோனைக் குடுங்களேன்" என்றான்.

"தேர்வு எழுதறது நான்தான் தம்பி."

"இல்ல மேடம், இது கொஞ்சம் டெக்னிக்கல்..."

"நீ பேசினதை அப்படியே அடிச்சுத் தரட்டுமா? நிமிஷத்துக்கு நூத்திப் பத்து வார்த்தை. நீ நடுவுல எத்தனை தடவை எச்சில் முழுங்கினேன்னு சேர்த்து அடிச்சுத் தரேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவன் என்ன செய்வான். "பழசை அப்டேட் பண்ண வேணாம் மேடம். புதுசாவே இறக்கி, அதுக்கு மேலயே போட்டுப் பாருங்க" என்றான். அன்று காலையிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான பேச்சு அதுதான்.

இறக்கினேன். திறந்தேன். திரை முழுவதும் இருட்டி, நடுவில் ஒரு பெட்டி வந்தது. 'இந்த மாற்றத்தைச் செய்ய நிர்வாகியின் அனுமதி தேவை. கடவுச்சொல்லை உள்ளிடவும்.' பக்கத்தில் நிர்வாகியின் படம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பல்லைக் காட்டியபடி என் மகன்.

அவனை நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். முப்பத்துநான்கு வயதுக் குட்டி. வேறு ஊரில் மென்பொருள் வேலை, அவனுக்குக் கீழே பதினெட்டு பேர். இரண்டு வருடத்துக்கு முன்பு இந்தக் கணினியில் வைரஸ் புகுந்து எல்லாப் படங்களும் அழிந்துபோனபோது, வந்து சரிசெய்துவிட்டு, "இனிமே எதைப் போடணும்னாலும் என்னைக் கேக்கும்" என்று பூட்டிவிட்டுப் போனான். அந்த வைரஸ் எப்படி வந்தது என்பது தனிக்கதை. அதற்கு வருகிறேன். என் ஓய்வுப் பணத்தில் நான் வாங்கிய கணினி. என் மேசை, என் நாற்காலி. நிர்வாகி மட்டும் அவன். இப்போதுதான் விளங்கியது, அந்த எண்ணுக்கு அர்த்தம் வேறொன்றும் இல்லை, 'உனக்கு உரிமை இல்லை' என்பதுதான்.

அழைத்தேன். நான்காவது முறை எடுத்தான்.

"அம்மா, மீட்டிங்ல இருக்கேன்."

"பாஸ்வேர்டைச் சொல்லிட்டு மீட்டிங் போ."

"எதுக்கு?"

சொன்னேன்.

"சாயந்திரம் இங்கேருந்தே உள்ள வந்து பண்ணித் தரேன்மா."

"ஒரு மணிக்கு மூடிடும்டா."

"இப்படித்தான் அவசரப்படுத்துவாங்க. வேலை தரேன்னு ஏமாத்தற கும்பல் ஊர் முழுக்க இருக்கு. நீ எதையும் அழுத்தாதே. போன தடவை அழுத்தி என்ன ஆச்சு?"

"குட்டி, ஒரு வார்த்தை. சொல்லிட்டு வை."

"உன்கிட்ட சொன்னா நீ சீட்டுல எழுதி ஸ்க்ரீன்லயே ஒட்டி வைப்பே. நாலு பேர்கிட்ட சொல்வே. வேணாம்மா. சாயந்திரம் பாத்துக்கலாம், சரியா?" வைத்துவிட்டான்.

நாலு பேரிடம் சொல்வேனாம். நான்! நாளைக்கு யாருக்கு விடுதலை, யாருக்குச் சிறை என்று முந்தின நாளே தெரிந்த விரல்கள் இவை. நீதிபதி சொல்லச் சொல்லத் தீர்ப்பை அடித்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வாசலில் கட்சிக்காரர்கள் காலில் விழாத குறையாகக் கேட்பார்கள். ஒருமுறை எங்கள் தெருக்காரர் ஒருவருடைய வழக்கே வந்தது. அன்று மாலை அவர் மனைவி என்னிடம் அரை மணி நேரம் பேசினாள், என் முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தேன். கட்டிய கணவரிடம்கூட மூச்சு விட்டதில்லை. அப்படிப்பட்டவளை நம்பி என் மகனால் ஒரு சொல்லைத் தர முடியவில்லை.

"அவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு," என்றது கூடத்திலிருந்து ஒரு குரல்.

"நீங்க பேப்பர் படிங்க," என்றேன். செய்தித்தாள் முகத்துக்கு நேராக உயர்ந்தது.

நானே கண்டுபிடிக்கப் பார்த்தேன். அவன் பிறந்த தேதியை அடித்தேன், தவறு. மருமகள் பெயர், தவறு. அவனுடைய முதல் வண்டியின் எண், தவறு. 'பத்து நிமிடம் கழித்து முயற்சிக்கவும்' என்று பெட்டி உறைந்துபோனது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. கறுப்புக் கண்ணாடி போட்ட அந்தப் பல் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

அழுதுவிட்டேன். துக்கத்தில் வரும் அழுகை வேறு, இது வேறு. இது மூக்கு வழியாகச் சூடாக வரும். அழுகிறோமே என்ற கோபம் அதற்கு மேல் சேரும். கீபோர்டை ஓங்கிக் குத்தினேன். ஒரு எழுத்துச் சில்லு எகிறி எங்கோ போய் விழுந்தது.

அவர் வந்து பின்னால் நின்றார். குனிந்து அந்தச் சில்லைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"என்கிட்ட இருக்கு," என்றார்.

"என்ன இருக்கு?"

"அந்தப் பாஸ்வேர்டு."

என் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டில் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விடமாட்டார். முதலாளியே வந்து கேட்டபோதும் சீட்டு கேட்டவர் என்று அவர் பிரிவு உபசாரத்தில் நான்கு பேர் பேசினார்கள். இன்னும் சட்டைப் பையில் சின்னக் குறிப்பேடு ஒன்று இருக்கும். வீட்டுச் சாவிகளும் பூட்டு எண்களும் அதில் வரிசையாக இருக்கும். கணினியை எந்தப் பொத்தானில் போடுவது என்று அவருக்குத் தெரியாது. அவரிடம்தான் என் மகன் கடவுச்சொல்லைக் கொடுத்து வைத்திருக்கிறான்.

"காலையிலேருந்து நான் இங்க படற பாட்டைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"அம்மாகிட்ட குடுக்காதீங்கன்னு குட்டி சொன்னான்."

"ரெண்டு வருஷமா வச்சிருக்கீங்க?"

"பொறுப்பா வச்சுக்கோங்கன்னான்." அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது அந்த வைரஸ் கதைக்கு வருகிறேன். அன்று நான் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். கணினி திறந்திருந்தது. 'வாழ்த்துகள், உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது' என்று திரையில் வந்த பெட்டியை ஒரே ஒருமுறை, ஒரே ஒரு விரலால் அழுத்தியவர் இவர்தான். நான் இறங்கி வந்தபோது வியர்த்து உட்கார்ந்திருந்தார். "குட்டிகிட்ட சொல்லிடாதே, அவன் என்னை என்ன நினைப்பான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் அழுத்தினேன் என்று குட்டியிடம் சொன்னேன். அவன் கத்தியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். கணினியைப் பூட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை. இவர் செய்ததற்கு எனக்குப் பூட்டு. சாவியோ இவர் பையில்.

இதையெல்லாம் அவரிடம் கத்தவில்லை. கத்தினால் நேரம் போய்விடும். பத்து நிமிடம் கழிந்து, உறைந்திருந்த பெட்டியும் மறுபடி விழித்திருந்தது. "வாசிங்க," என்றேன்.

மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, குறிப்பேட்டைத் தூரத்தில் பிடித்து, திருகாணிப் பெட்டியின் மேல் ஒட்டிய எண்ணை வாசிப்பதுபோல ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகச் சொன்னார். "ஏ... எம்... எம்... ஏ..."

தட்டச்சுக்காரிக்கு வார்த்தை கண்ணில் தெரிவதற்கு முன்பே விரலில் தெரிந்துவிடும். பாதி வாசிப்பதற்குள் என் விரல்கள் அவர் வாயை முந்திக்கொண்டு போய் முழுவதையும் அடித்து முடித்துவிட்டன. அம்மா தொடாதே. ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், அம்மாதொடாதே.

அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒரு குச்சி இருக்கு, அதுக்குக் கீழ ஒரு புள்ளி," என்றார்.

"ஆச்சரியக்குறி."

"அதுதான்."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு எப்பவாவது சேர்த்து வாசிச்சீங்களா?"

"அவன் எழுத்து எழுத்தா சொன்னான், நான் எழுத்து எழுத்தா எழுதினேன்." குறிப்பேட்டைக் கிட்டே கொண்டுவந்து உதட்டை அசைத்துப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. குறிப்பேட்டை மூடிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

ஆச்சரியக்குறியை நான் அடித்த சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். பூட்டு திறந்தது. பிரவுசர் ஏறியது. பன்னிரண்டு பதினாறுக்குத் தேர்வில் உட்கார்ந்தேன். சில்லு போன இடத்தில் ரப்பர் மேடு மட்டும் இருந்தது. அந்த எழுத்து வரும்போதெல்லாம் அதில் குத்தினேன், வலித்தது. இரண்டு வழக்கறிஞர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசும் ஒலிப்பதிவு. எனக்கு அது தாலாட்டு மாதிரி. மூன்று நிமிடம் மீதி இருக்கும்போதே முடித்தேன். உடனே முடிவு வந்தது. தேர்ச்சி. திங்கட்கிழமை முதல் கோப்பு வரும்.

எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து கடவுச்சொல்லை மாற்றினேன். கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துவிட்டேன்.

மாலை ஆறரைக்குக் குட்டி அழைத்தான். "அம்மா, உள்ள வர முடியல. பாஸ்வேர்ட் மாறியிருக்கு. யார் மாத்தினது?"

"நான்."

"உனக்கு எப்படிக் கிடைச்சுது? என்னம்மா நீ, மறுபடியும் எதையாவது அழுத்தி வைரஸ் வந்தா நான் வரமாட்டேன், சொல்லிட்டேன். போன தடவை பட்டது போதாதா?"

எதிரே என் கணவர் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது. அவர் சுவரைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நாக்கின் நுனியில் இருந்தது, ஒரே வரிதான். விழுங்கினேன்.

"வேலை கிடைச்சிடுச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். பழையதை ஒரு கோடு போட்டு அடித்தார். பேனாவைப் பிடித்துக்கொண்டு, "புதுசு என்னன்னு சொல்லு, குறிச்சு வைக்கிறேன். அவசரத்துக்கு ஆகும்," என்றார்.

"முப்பத்தொரு வருஷம் யாரோட தீர்ப்பையும் உங்ககிட்ட சொன்னதில்ல," என்றேன். "ரெண்டு வருஷமா உங்களைப் பத்தி அவன்கிட்ட சொன்னதில்ல. இதை மட்டும் எதுக்குச் சொல்லணும்?"

அவர் பேனாவை மூடினார். குறிப்பேட்டைப் பையில் வைத்தார். மேசையில் கிடந்த எழுத்துச் சில்லை எடுத்து, அதன் இடத்தில் வைத்து, கட்டை விரலால் மெதுவாக அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. பிறகு கையை நீட்டினார்.

"ஃபோனைக் குடு. அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

குட்டியின் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். ஸ்பீக்கரையும் நானே போட்டுவிட்டேன்.